ரிப்பேரில் இருந்த கட்டில்

என் வீட்டுக்காரரை எல்லோரும் கட்டில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். கட்டில் செய்கிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. நோயாளிகளுக்குக் கட்டில் இரவல் கொடுக்கும் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறார். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்களே, அந்த வீடுகளுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் நடக்க ஊன்றிக்கொள்ளும் சட்டமும் சங்கம் இலவசமாகக் கொடுக்கும். தேவை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளும். தேவை எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டில் போகும்போது கூடவே போய்ப் படம் பிடிக்க ஆள் உண்டு. அது திரும்பி வரும்போது இவர் ஒருவர்தான்.

சங்கக் கட்டடத்தின் பின்பக்கத்து அறைதான் எங்கள் வீடு. சமையல் மேடைக்கு மேலே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கொல்லைக் குழாயும் அவர் கழுவுகிற சிமென்ட் தளமும் தெரியும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்த ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு கட்டில் வந்தால் முதலில் சக்கரங்களைக் கழற்றுவார். சக்கரத்தில் எப்போதும் முடி சுற்றியிருக்கும். நோயாளியின் முடி, பார்த்துக்கொண்டவளின் முடி, யாருடையது என்று யாருக்குத் தெரியும். அதைக் கம்பியால் இழுத்து எடுப்பார். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியைச் சுடுதண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டுவார். நகத்தால் கீறிய கோடுகள் மேல் பெயின்ட் அடிப்பார். பிறகு சோப்பு, பிளீச்சிங் பவுடர், வெயில். தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியின் மரைக்கு எண்ணெய் விடுவார். எல்லாம் முடிந்தபின் அதில் ஏறித் தானே படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எங்காவது கம்பி குத்துகிறதா, ஏதாவது வாடை அடிக்கிறதா என்று பார்க்கத்தான். தான் படுத்துப் பார்க்காமல் ஒரு கட்டிலையும் வெளியே அனுப்பமாட்டார்.

"இதுல ஒருத்தர் செத்திருக்காருன்னு அடுத்து படுக்கிறவங்களுக்குத் தோணவே கூடாது. தோணுச்சுன்னா நான் வேலை பார்க்கலைன்னு அர்த்தம்" என்பார். இந்த வேலையை நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. இதற்கு எவன் வந்து சபாஷ் சொல்லப்போகிறான்?

சொந்தக்காரர்கள் நடுவே இந்தப் பெயரால் பட்ட பாடு தனி. யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நலம் விசாரிக்கப் போனால், வாசலில் இவரைப் பார்த்ததுமே அந்த வீட்டுப் பெண்களின் முகம் வெளிறிப்போகும். "கட்டில்காரர் எதுக்கு வந்திருக்காரு? டாக்டர் நம்மகிட்ட மறைக்கிறாரா?" என்று உள்ளே குசுகுசுப்பார்கள். ஒருமுறை என் சித்தப்பா ஜலதோஷத்துக்குப் போர்த்திப் படுத்திருந்தவர், இவர் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றுமே இல்லை என்று நடந்து காட்டினார். அன்றிலிருந்து நோயாளியைப் பார்க்க நான் மட்டும்தான் போகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது. அது வரிசை. கைப்பிடி வைத்த கட்டில்கள் சங்கத்தில் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம். முன்னறையில் ஒரு பலகையில் யார் முதலில் கேட்டார்களோ அந்த வரிசையில் எழுதியிருக்கும். சங்கத் தலைவரின் சகலை ஒருமுறை அதில் ஒன்றை உடனே அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். "நோய் ஆள் பார்த்தா சார் வருது? வரிசைன்னா வரிசைதான்" என்று இவர் தலைவரிடமே சொல்லிவிட்டார். தலைவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அதையே ஒவ்வொரு கூட்டத்திலும் தன் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அவருடைய அக்கா வழியாகச் சோதனை வந்தது.

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லது சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான். ஆனால் தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தான் கட்டிக்கொண்டவர் போனபிறகு ஒரு மாடியறையில் தனியாக இருந்தார். நாக்கு மட்டும் எப்போதும் தீட்டியே இருக்கும். "பொணம் படுத்த கட்டிலைக் கழுவுறதுக்காடா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்?" என்று தம்பியைக் கேட்காத நாள் இல்லை. இவரும் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, படிச்சதாலதான் சுத்தமா கழுவுறேன்" என்பார்.

அந்த அக்காவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கினால் சரிந்துவிடும். தலைமாடு உயர்கிற கட்டில் ஒன்றுதான் வழி. இவர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பலகையில் அக்காவுக்காகக் கடைசியில்தான் எழுதினார். நான் பார்த்தேன்.

ஒருநாள் மத்தியானம் ஒரு கட்டில் திரும்பி வந்தது. பலகையில் முதலில் இருந்தது ஒரு டெய்லர் வீடு. அவருடைய மனைவிக்கு இருதயம் பலவீனம், அவளுக்கும் இதே மூச்சுத் தொல்லை. இவர் வழக்கம்போல் கழுவினார், காயவைத்தார், எண்ணெய் விட்டார், படுத்துப் பார்த்தார். எழுந்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அதை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் தலைமாடு மேலே வந்தது. அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முன்னறைக்குப் போனார். அங்கே போன் எடுப்பது ஒரு ரிட்டையரான டீச்சர். சம்பளம் கிடையாது. அழுகிறவர்கள், கத்துகிறவர்கள் எல்லோரிடமும் நிதானமாகப் பேசுவார். சுவர் மெல்லியது, பேச்சு எனக்குக் கேட்டது.

"டீச்சர், இந்தக் கட்டில்ல கைப்பிடி மரை தேஞ்சிருக்கு. ஏத்துனா நிக்கமாட்டேங்குது. ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அடடா. டெய்லர் காலையிலேயே போன் பண்ணினாரே. எப்ப வரும்னு சொல்ல?"

"ரிப்பேர் முடியட்டும் டீச்சர். பார்க்கலாம்."

வேனில் ஏற்றி அவரே ஓட்டிக்கொண்டு போனார். போன இடம் அவர் அக்காவின் மாடியறை.

ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டேன். "என்னங்க, கைப்பிடி நல்லாத்தானே இருந்துச்சு?"

"நீ இதுல பேசாம இரு" என்றார். என்னை வாயை மூடு என்று பலமுறை சொல்லியிருக்கிறார், நான் மூடியதில்லை. ஆனால் இதை அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பேசினால் அக்காவை இங்கேயே கூட்டிவருவாரோ என்ற பயமும் எனக்கு இருந்தது. யாரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அதுதான் உண்மை.

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். நாத்தனார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "இதுல யாராச்சும் செத்திருக்காங்களாடா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"இல்லக்கா. புதுசு."

"அதானே பார்த்தேன். பளபளன்னு இருக்கு." தலையைச் சாய்த்துக்கொண்டு, "மூச்சு வருதுடா தம்பி" என்றார். அவர் தம்பியைத் திட்டாமல் பேசி நான் கேட்டது அன்றுதான். இவர் ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு டெய்லர் அடிக்கடி போன் செய்தார். "இன்னும் ரிப்பேர்லதான் இருக்குங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று டீச்சர் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். கொல்லையில் இவருக்கும் கேட்கும். அந்தக் குரல் ஆரம்பித்ததும் குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். வாளி நிரம்பி வழிந்தாலும் மூடமாட்டார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லி என் உயிரை வாங்குகிற மனிதர்.

நாத்தனார் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே, சாய்ந்தபடியே. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்புவதற்கு முன்பே இவர் கட்டிலைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அழுதுகொண்டே கழுவினாரா, கழுவிக்கொண்டே அழுதாரா தெரியாது, முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். வெயிலில் காய்ந்ததும் வேனில் ஏற்றினார். படுத்துப் பார்க்கவில்லை. அவர் படுத்துப் பார்க்காமல் அனுப்பிய கட்டில் அது ஒன்றுதான்.

டெய்லர் வீட்டு மாடிப்படி குறுகல். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தலையில் சுமந்து ஏற்றி, அவரே பூட்டி, அந்த அம்மாவைத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு வந்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி டெய்லரிடமிருந்து போன் வந்தது. போய் எடுத்து வந்தவர் அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவர்களைப் பாராட்டி விழா எடுக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. போன் டீச்சர் தொண்டை கட்டிக்கொண்டு பேசியிருக்கிறார். சக்கர நாற்காலிகளுக்குப் பஞ்சர் ஒட்டித் தருகிற ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார், சங்கத்துக்குள் ஒரு வாய் டீ குடித்ததில்லை. இவர்களை ஒருமுறையாவது மேடையில் உட்காரவைத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் முதல் மரியாதை கட்டில்காரருக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். அதை முன்மொழிந்தவரே டீச்சர்தான்.

"எனக்கு வயிறு சரியில்ல" என்றார் இவர். தலைவர் விடவில்லை, வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பலி கொடுக்கப் போகிற ஆட்டைக் குளிப்பாட்டியது போலத்தான் எனக்கு இருந்தது.

கூடம் நிறையக் கூட்டம். பயனடைந்த குடும்பங்கள் சார்பில் ஒருவர் பேசுவார் என்று சொன்னார்கள். எழுந்து வந்தவர் டெய்லர்.

அவர் மேடைப் பேச்சுக்காரர் இல்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரிக்குப் படுத்தா மூச்சு வராதுங்க. ராத்திரி முழுக்க நானும் அவளும் முதுகும் முதுகுமா ஒட்டி உக்காந்திருப்போம். அவ என் மேல சாஞ்சு கண் அசருவா. நான் அசையாம உக்காந்து கையாலயே பட்டன் தைப்பேன். நான் அசந்தா அவ சரிஞ்சிடுவா, முழிச்சிக்குவா. கட்டில் ரிப்பேர்ல இருக்குன்னு சொன்னாங்க. இவரு என்ன பாடுபட்டு அதை ரிப்பேர் பண்ணினாரோ தெரியாது, அவரே தூக்கிட்டு வந்து போட்டுக் கொடுத்தாரு. கடைசி நாலஞ்சு நாள் அவ படுத்துத் தூங்கினா. நானும் தூங்கினேன். அந்த ரிப்பேர நீங்க பண்ணலைன்னா அவ உக்காந்தபடியேதான் போயிருப்பா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்களே. என் கை சத்தம் என் காதில் அறைந்தது போல விழுந்தது. அந்த முதுகும் முதுகுமாக உட்கார்ந்த ராத்திரிகளில் என் நாத்தனார் எங்கே படுத்திருந்தார் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். வெட்கத்தில் பூமி பிளந்து விழுங்காதா என்பார்கள், எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது.

இவர் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

"அந்தக் கட்டில் ரிப்பேர் ஆகலை" என்றார். கூட்டம் அமைதியானது. "நான் எதையும் ரிப்பேர் பண்ணலை. கைப்பிடி நல்லாத்தான் இருந்துச்சு. நான்..."

கையிலிருந்த கேடயத்தைக் குனிந்து பார்த்தார். தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? செஞ்ச வேலையைக்கூடச் செஞ்சேன்னு சொல்லமாட்டேங்கிறாரு. இதுக்குப் பேருதான் அடக்கம்."

முன்பைவிடப் பெரிய கைதட்டல். ஒரு மனிதன் மேடையேறித் தன் குற்றத்தைச் சொல்கிறான், அதற்கும் கை தட்டினால் அவன் வேறு எங்கே போவான்? டெய்லர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கேடயத்தை என் கையில் கொடுத்து, "கண்ணுல படாம எங்கயாவது வை" என்றார். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. எங்கே வைத்தாலும் கண்ணில்தான் படும். கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன்.

அடுத்த நாள் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். "சொந்த அக்காவுக்குத்தானே? விடுங்க. போட்டோ எல்லாம் பத்திரிகைக்குப் போயாச்சு, இப்ப போய் எதுக்கு?" என்றாராம் தலைவர். அதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. திட்டியிருந்தால் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கும். "சகலைக்கு இல்லைன்னு சொன்னவன் நான்" என்று மட்டும் சொன்னார்.

டெய்லரிடமே சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பிப் போனார். திரும்பி வந்தவரிடம், சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். வாயைத் திறந்தாராம், வார்த்தை வரவில்லையாம். கடைக்கு வந்த காரணத்தை டெய்லர் விசாரிக்க, போட்டிருந்த பேன்ட் இடுப்பில் தொளதொள என்று இருப்பதாகச் சொல்லிவிட்டாராம். டெய்லர் அளவெடுத்துக்கொண்டு, பேன்ட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு வேட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்தப் பேன்ட்டைக் கொடுக்கத்தான் டெய்லர் எங்கள் கொல்லைக்கு வந்தார். கையில் வேறு ஒரு பெரிய பொட்டலமும் இருந்தது. அந்தக் கட்டில் சிமென்ட் தளத்தில்தான் நின்றது. கழுவி நாளாகியும் இவர் அதை வெளியே அனுப்பாமல் வைத்திருந்தார்.

"இதுக்கு மெத்தை உறை தச்சிருக்கேன்" என்று டெய்லர் பொட்டலத்தைப் பிரித்தார். தடித்த ரெக்சின் துணி. "பழைய உறை ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. அவ படுத்திருக்கும்போதே அளவெடுத்து வச்சிக்கிட்டேன். தலைமாடு மேல வரும்போது இழுக்காம இருக்க நடுவுல ஒரு மடிப்பு விட்டிருக்கேன் பாருங்க."

இவர் உறையை வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மேடையில நான் சொன்னது நெசம்" என்றார். "கட்டில் ரிப்பேர்ல இல்லை."

"என்னது?"

"எங்க அக்கா படுத்திருந்தாங்க. வரிசையில நீங்கதான் முதல்ல இருந்தீங்க. நான் ரிப்பேர்னு பொய் சொல்லி எடுத்துட்டுப் போயிட்டேன். அவங்க போனபிறகுதான் உங்களுக்குக் கொண்டுவந்தேன்."

டெய்லர் கையில் இருந்த உறையை மடிக்க ஆரம்பித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடைக்காரர்கள் மடிப்பதுபோல் மடித்தார். கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்கதவு வரை போனார். நான் ஜன்னலை மூடப் போனேன், கை வரவில்லை. இவர் தலை குனிந்தபடியே இருந்தார். மன்னித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

கதவுப் பக்கம் நின்ற டெய்லர் திரும்பி வந்தார்.

"இது இந்தக் கட்டிலுக்கு அளவெடுத்துத் தச்சது. வேற எதுக்கும் சேராது. வீட்டுல கொண்டுபோய் வச்சு நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டு அவரே மெத்தையைத் தூக்கி உறையைப் போட்டார். மூலைகளை இழுத்துவிட்டார். இவர் உதவிக்குப் போனார். "விடுங்க" என்று டெய்லர் தள்ளிவிட்டார். போட்டு முடித்ததும் மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

"படுங்க."

"வேண்டாங்க."

"படுத்துப் பார்த்துத்தான் அனுப்புவீங்கன்னு அந்த டீச்சரம்மா சொன்னாங்க. படுங்க."

என் வீட்டுக்காரர் அந்தக் கட்டிலில் படுத்தார். கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை போலிருக்கிறது. டெய்லர் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். தலைமாடு மெதுவாக மேலே வந்தது. பாதியில் நிறுத்தினார்.

"உங்க அக்காவுக்கு எவ்வளவு உயரம் வச்சீங்க? இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம்."

டெய்லர் இன்னும் கொஞ்சம் சுற்றினார்.

"இதுதான்" என்றார் இவர்.

டெய்லர் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கும் இதுதான்" என்றார்.